இடைநிலை

இடது மேல்கையின் பின்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்கிற வரை ஊதி, அந்தப் பிளாஸ்டிக் குப்பியைக் கவிழ்த்துவைத்து என் மனைவி ஓர் அழுத்து அழுத்தினாள். ஸ்டேப்ளர் அடித்த மாதிரி ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதெல்லாம் வீண். திரும்பிக் கண்ணாடியில் பார்த்தேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒரு வில்லை. அதற்கு நாலு விரற்கடை தள்ளி, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு.

"கைல பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

வில்லைக்கு அடியில், அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத வளையும் இழையொன்று தோலுக்குள் ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அது எந்த ரத்தக்குழாயையும் தேடிப் போவதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளில் ஒரு நீர் நிற்கிறது. ரத்தத்திலிருந்து கசிந்து வரும் சர்க்கரை அந்த நீரைக் கடந்துதான் செல்லுக்குள் போயாக வேண்டும். இழை அங்கே உட்கார்ந்துகொண்டு, பதினான்கு நாள், ராப்பகலாக, போகிற வருகிற சர்க்கரையைக் கணக்குப் பார்க்கும். டாக்டர் படம் போட்டு விளக்கியபோது அதை 'இடைநீர்' என்று மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். அந்தச் சொல் என்னை நேராக அப்பாவின் கரும்பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அப்பா தமிழ் வாத்தியார். கும்பகோணத்தை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம். பகுபத உறுப்பிலக்கணம் நடத்த அவர் எப்போதும் எடுத்துக்கொள்ளும் சொல் 'உண்டான்'. பலகையில் எழுதி, சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு இழுத்து மூன்றாக வெட்டுவார். உண், பகுதி. ஆன், விகுதி. நடுவில் ஒற்றை எழுத்தாக நிற்கும் 'ட்', இடைநிலை. உண்கிறான் என்றால் கிறு. உண்பான் என்றால் ப். "காலம் எங்கடா இருக்கு? முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நடுவுல இருக்கு" என்பார். அவருக்கு அப்போதே சர்க்கரை வியாதி வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

*

அப்பாவின் சோதனைச்சாலை கொல்லைப்புறத்துத் திண்ணை. ஒரு கண்ணாடிக் குழாய், அதைப் பிடிக்க மரக்கிடுக்கி, ஸ்பிரிட் விளக்கு, நீல நிறத்தில் பெனிடிக்ட் கரைசல். கரைசல் 5 மில்லி, அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு. விளக்கில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். கிடுக்கியைப் பிடிப்பது பத்து வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இறங்கவில்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் வண்டல் தங்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தம்போட்டுப் பேச முடியாது. நாட்காட்டித் தாளின் ஓரத்தில் அப்பா எண்ணெல்லாம் எழுதமாட்டார். நிறத்தைத்தான் எழுதுவார். 'நீலம்.' 'பச்சை.' 'செங்கல்.'

நீலம் எழுதிய நாளில் அம்மாவிடம் கேட்டு அரை ஸ்பூன் ஜீனி போட்ட காபி ஒன்று வாங்கிக் குடிப்பார். அந்த நீலத்தின் லட்சணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 170 என்றாலும் நீலம், 90 என்றாலும் நீலம், 40 என்று உயிருக்கே உலைவைக்கும் அளவுக்கு இறங்கினாலும் அதே நீலம். அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். கண்ணாடி ஊசியைச் சின்ன ஏனத்தில் கொதிக்கவைப்பார். மருந்துப் புட்டி, குளிர்பெட்டி இல்லாத வீட்டில், மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றிக் கிடக்கும். அவரைக் கவிழ்க்கக்கூடியது ஏற்றத்தைவிட இறக்கம்தான். அதைக் காட்ட அந்தக் குழாயில் நிறமே கிடையாது.

அதைக் கண்டுபிடிக்க அம்மா இருந்தாள். நடுராத்திரியில் அவள் கை தூக்கத்திலேயே அப்பாவின் பின்கழுத்துக்குப் போகும். காய்ந்திருந்தால் திரும்பி வந்துவிடும். நனைந்திருந்தால் அவள் எழுந்துவிடுவாள். "ஏங்க... ஏங்க..." அப்பா பதில் சொல்லும் விதத்திலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். தலைமாட்டில் ஜீனி டப்பாவும் தண்ணீர்ச் சொம்பும் வருடம் முழுக்க இருந்தன. பகலிலும் அவளிடம் ஒரு கணக்கு உண்டு. காரணமில்லாமல் அப்பா எரிந்து விழுந்தால், "டேய், எதிர்த்துப் பேசாத. ஒரு ஸ்பூன் ஜீனி எடுத்துக் குடு" என்பாள். சர்க்கரை இறங்கும்போது எரிச்சலும் ஒரு அறிகுறி என்று இப்போது மருத்துவக் கையேடுகளில் படிக்கிறேன். அம்மா எட்டாவதுதான் படித்தாள்.

*

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு காலம் இருக்கிறது என்று இந்தப் பதினான்கு நாளில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீர்ச் சோதனை இறந்தகாலம். சில மணி நேரம் முன்பு நடந்து முடிந்ததை, பையில் தேங்கியதை வைத்துச் சொல்கிறது: உண்டான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி இன்னொரு வகை இறந்தகாலம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அதற்குள் படிந்த சர்க்கரையை அந்தச் சோதனை பார்க்கிறது: உண்டுவந்தான். எனக்கு அது 7 என்று வந்தது. சராசரி 154 என்று பொருள். நல்ல எண். ஆனால் ராத்திரி 58, காலையில் 250 என்று ஊஞ்சலாடுகிறவனுக்கும் 154-தான் சராசரி. டாக்டருக்கு அந்த நல்ல எண்மேல் சந்தேகம். "இது சரி. நடுவுல என்ன நடக்குதுன்னு பாத்துடலாம்" என்றார்.

விரல்நுனியைக் குத்திப் பார்ப்பது சுத்த நிகழ்காலம்: உண்கிறான். இந்த நொடி, இந்தச் சொட்டு, ஐந்து விநாடியில் ஓர் எண். அது நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த வழி நீண்டது. ரத்தத்தை வைத்து நிறம் பார்க்கும் பட்டை 1965-இல் வந்தது. அந்த நிறத்தைப் படித்து எண்ணாக்கும் ஏம்ஸ் நிறுவனத்தின் கருவி 1970-இல். அது ஒரு கனத்த பெட்டி, மருத்துவமனைக்காகவே செய்தது. அதற்கும் முன்பே, 1962-இல், லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி நொதி ஒன்றை மின்முனையில் பூசி, சர்க்கரையை மின்சாரமாகப் படிக்கலாம் என்று எழுதியிருந்தார். இன்று என் கையில் இருக்கும் வில்லைக்கு அதுதான் வித்து.

அந்த நொதிக்குக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்று பெயர். ஒரு கறுப்புப் பூஞ்சையிலிருந்து அதை எடுக்கிறார்கள். அந்தப் பூஞ்சையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெங்காயத்தின் மேல்தோலை உரித்தால் உள்ளே கரித்தூள் மாதிரி அப்பிக்கிடக்குமே, கழுவிவிட்டு நறுக்குவோமே, அதன் இனம்தான். சர்க்கரை எதிர்ப்பட்டால் அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கும் குணம் இந்த நொதிக்கு. பறிப்பது அதிகமானால் மின்சாரம் கூடும். அந்த இம்மியளவு மின்சாரம்தான் கைப்பேசியில் 112, 140, 96 என்று எண்ணாக வருகிறது.

உடம்போடு ஒட்டியிருந்து அளக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 1999-இல் அனுமதி கிடைத்தது. மூன்று நாள் நோயாளி மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் எண்ணை அவர் பார்க்க முடியாது. டாக்டர் பிறகு இறக்கிப் படிப்பார். 2001-இல் கைக்கடிகாரம் போல ஒன்று வந்தது. மெல்லிய மின்னோட்டத்தால் தோல் வழியே நீரை உறிஞ்சும். தோல் சிவந்து புண்ணானதுதான் மிச்சம், சீக்கிரமே மறைந்துபோயிற்று. 2006-இல் டெக்ஸ்காம், 2014-இல் ஐரோப்பாவில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்று வந்தபிறகுதான் எண் நோயாளியின் கையில் நிலைத்தது. தெரசா மே பிரிட்டிஷ் பிரதமராக இருந்த காலத்தில், கையில்லாத உடையில் அந்த வில்லை தெரியும்படியே விருந்துகளுக்குப் போனார். நான் அரைக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் டவுன் பஸ்ஸில் ஏறுகிறேன். அப்படியும் கம்பியைப் பிடித்து நின்ற ஒருநாள் கண்டக்டர் பார்த்துவிட்டார். "என்ன சார், இந்த வயசுல ஊசி போட்டுட்டாங்களா?"

வில்லை காட்டுவது தொடர்நிகழ்காலம். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வரும். அது மேலே நிமிர்ந்தால் ஏறப்போகிறது, கவிழ்ந்தால் இறங்கப்போகிறது. உண்பான் என்பதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த நிகழ்காலத்துக்குள் கொஞ்சம் பழசு கலந்திருக்கிறது. ரத்தம் முதல் பந்தி, இடைநீர் இரண்டாம் பந்தி. முதல் பந்தியில் பாயசம் வந்துவிட்டது என்ற சேதி இரண்டாம் பந்திக்கு எட்டச் சற்று நேரமாகும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது இந்த இடைவெளி பெரிய வித்தியாசம் காட்டும். வில்லை சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். பழைய கருவியை வீசிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

*

விரலைக் குத்திய பன்னிரண்டு வருடத்தில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வந்திருந்தது. சதையின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு, பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய் சொல்லும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. என் சாமர்த்தியம் வேறு. எப்போது குத்துவது என்பதை நான் தேர்ந்தெடுத்தேன். நடந்துவிட்டு வந்த பிறகு குத்துவேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருக்கும். டாக்டரிடம் போக ஒரு வாரம் இருக்கும்போது நோட்டுப் புத்தகம் ஒழுங்காகும். அப்பா நீலம் எழுதிய நாட்காட்டியும் என் நோட்டும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பொய் எழுதியதில்லை. உண்மை வரும் நேரமாகப் பார்த்துக் கதவைத் திறந்தோம், அவ்வளவுதான்.

வில்லைக்குக் கதவு கிடையாது. மூன்றாம் நாளே அது என் மரியாதைகளைக் கலைத்தது. நாலு இட்லிக்குப் பிறகு 212. சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும் கேழ்வரகுக் கூழ், காலை வெறும் வயிற்றில் குடித்தால் இட்லிக்குக் கொஞ்சமும் சளைக்காமல் ஏற்றியது. சாப்பிட்டதும் தெருமுனை வரை இருபது நிமிடம் நடந்தால் அதே இட்லிக் கோடு மழுங்கியது. எனக்கும் இட்லிக்கும் ஐம்பது வருட உறவு. அதை இப்படி ஒரு வரைகோடாகப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. நாலாம் நாளிலிருந்து தட்டைப் பார்க்கும்போதே அம்புக்குறி தெரிய ஆரம்பித்தது. சமைத்தவள் தட்டைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்தாள். "இன்னிக்கு என் சாம்பார் பாஸா, பெயிலா?" என்று கேட்டாள். சிரித்தபடிதான் கேட்டாள். சர்க்கரை வியாதியே இல்லாதவர்கள்கூட இப்போது ஆசைக்கு இதை ஒட்டிக்கொள்கிறார்களாம். அவர்கள் வீட்டுச் சமையலறைகளை நினைத்துப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அலாரம் அலறியது. 54. மனைவி பதறியெழுந்து ஜீனித் தண்ணீர் கலக்கினாள். எனக்கு வேர்க்கவில்லை, நடுக்கமில்லை. விரலைக் குத்தினேன். 98. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து வில்லையின்மேலேயே தூங்கியிருக்கிறேன். அழுத்தத்தில் அங்கே நீரோட்டம் குறைந்தால் வில்லை இல்லாத தாழ்வைக் காட்டும். கலக்கிய தண்ணீரை அவளே குடித்துவிட்டுப் படுத்தாள்.

பதினோராம் ராத்திரி அலாரம் எனக்குக் கேட்கவில்லை. முதலில் அடித்தது மனைவியின் கைப்பேசி. இங்கே மணி 2.40. பர்மிங்காமில் முந்தைய நாள் ராத்திரி 10.10. மகள்.

"அம்மா, அப்பாவ எழுப்பு. 55 காட்டுது. ரெண்டு தடவ பாத்துட்டேன், ஏறவே இல்ல."

இந்தத் தடவை பனியன் நனைந்திருந்தது. குத்தினால் 61. மூன்று ஸ்பூன் ஜீனி, கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்தல், 88. மாதக்கணக்கில் விடிகாலையில் தலை கனத்தது, துரத்துகிற கனவுகள் வந்தது, மின்விசிறியைக் கூட்டச் சொன்னது எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றன. ராத்திரி இன்சுலினை டாக்டர் நாலு யூனிட் குறைத்தார். அந்த வில்லை எனக்குச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்றாலும் போதும்.

*

2013-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற பொறியாளர், பள்ளிக்கூடத்தில் இருக்கும் தன் சின்ன மகனின் சர்க்கரையை வேலையிடத்தில் இருந்தபடி பார்க்க வேண்டும் என்று, கருவியின் பூட்டைத் தன் கையால் திறந்து எண்ணை இணையத்துக்கு ஏற்றினார். நிறுவனங்கள் செய்யும் வரை காத்திருக்க முடியாது என்று அவரைப் போன்ற பெற்றோர்கள் சேர்ந்து அதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார்கள். அப்பா பிள்ளையைப் பார்க்கப் பிறந்த தொழில்நுட்பம், பிள்ளைகள் கடல்கடந்து போன நம் வீடுகளில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. என் ராத்திரிக்கு மகளின் சாயங்காலம் காவலிருக்கிறது.

காவலுக்கு ஒரு விலை உண்டு. "என்னப்பா, அம்பு மேல போகுது?" என்று மத்தியானம் செய்தி வரும். "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்பேன். சும்மா என்ற சொல்லை என் கை மறுத்துப் பேசிக்கொண்டிருக்கும். நண்பர் வீட்டில் அதிரசம் தின்ற செய்தி, நான் அவர் வீட்டுப் படியிறங்குவதற்குள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோயாளிக்கு மிஞ்சியிருந்த ஒரே சுதந்திரம், தான் எப்படி இருக்கிறோம் என்பதைத் தானே சொல்வது. அதில் பாதியைக் கொடுத்துத்தான் அந்த 2.40 மணி அழைப்பை வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பேரம்கூட எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இங்கிலாந்தில் முதல்வகை நீரிழிவு உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இதைத் தர வேண்டும் என்று 2022-இல் நெறிமுறை வகுத்தார்கள். இங்கே பதினான்கு நாள் வில்லைக்கு ஐயாயிரத்தை ஒட்டிச் சொந்தப் பணம். சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் சொன்னது. பெரும்பாலானவர்களுக்கு இன்னும் அந்த விரல்நுனிச் சொட்டுகூடத் தினம் கட்டுப்படியாகாது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கு ஒரு தன்னார்வலர் பெண் வருகிறார். தோள்பையில் மாத்திரை, ரத்த அழுத்தக் கருவி, குத்திப் பார்க்கும் கருவி. எதிர்வீட்டுப் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து விரலை நீட்டுவாள். "நேத்து திவசம், வடை பாயசம் எல்லாம் சாப்ட்டேன். அதையும் சேத்து எழுதிக்க" என்பாள். எண்ணோடு கதையும் பதிவாகிறது. கட்டுப்படியாகாத இந்த ஏழ்மையைக் குறிவைத்து, குத்தவே வேண்டாம், மோதிரம் போட்டால் போதும், கடிகாரம் கட்டினால் போதும் என்று விளம்பரங்கள் வருகின்றன. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரிக்க வேண்டியிருந்தது.

*

பதினான்காம் நாள் வில்லை தானாகவே முடிந்துவிட்டதாகச் சொல்லி நின்றது. பசை விடவில்லை. மனைவி தேங்காயெண்ணெய் தடவி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெல்ல உரித்தாள். அம்மைத் தழும்புக்குப் பக்கத்தில் வட்டமாகச் சிவப்புத் தடம். நடுவில் ஒரு புள்ளி. அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதுவரை விரல்தான்.

அப்பாவின் பலகையை மறுபடி நினைத்துக்கொண்டேன். உண்டான் என்பதை மூன்றாக வெட்டியபிறகு அவர் விகுதியின் கீழே அழுத்திக் கோடிடுவார். இடைநிலை காலத்தைச் சொல்லிவிடும். ஆனால் உண்டது யார்? அவனா, அவளா, ஒருவரா, பலரா? அதை 'ஆன்'தான் சொல்லும். "இதை மறந்தா அரை மார்க் போச்சு" என்பார். இந்தப் பதினான்கு நாளும் என் கையில் ஒட்டியிருந்தது காலத்தைத் துல்லியமாகச் சொன்னது. 2.40-க்கு 55. அந்த 55-க்கு உரிய ஆள் யார், எதற்குக் கோபப்படுகிறான், எதை மறைக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு 'அப்பாவ எழுப்பு' என்று ஒரு குரல் சொன்னபோதுதான் சொல் முழுசாயிற்று.

அன்று ராத்திரி தலைமாட்டுக் கைப்பேசியில் கோடு எதுவும் ஓடவில்லை. எப்போதோ ஒரு நேரம், பின்கழுத்தில் ஒரு கை வந்து பட்டது. தடவிப் பார்த்தது.

"வேர்க்கல" என்று தூக்கத்திலேயே யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மணி என்ன என்று நான் பார்க்கவில்லை.